கரண்டைக்கால் அளவு நீர்: மஹ்ஸூர் ஓடையிலிருந்து பஞ்சாபின் வயல்கள் வரை

தண்ணீரை வீண்விரயம் செய்யக் கூடாது என்று நம் பள்ளிவாசல்களில் பயான் செய்யப்படும்போது, பேச்சு பெரும்பாலும் உளூச் செய்யும் குழாயடியோடு நின்றுவிடுகிறது. அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு நீரில் உளூச் செய்தார்கள், ஒரு ‘ஸாஉ’ முதல் ஐந்து ‘முத்’ வரையிலான நீரில் குளித்தார்கள் என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அது ஒவ்வொரு வீட்டிலும் நினைவூட்டப்பட வேண்டிய செய்திதான். ஆயினும் கணக்கு என்று பார்த்தால், இந்தியாவில் ஆறுகளிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் எடுக்கப்படும் நன்னீரில் ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேல் வயல்களுக்கே செல்கிறது. நம் தட்டில் விழும் சோற்றிலும் சப்பாத்தியிலும் செலவான நீரோடு ஒப்பிட்டால், குழாயடியில் சிந்தும் நீர் மிகச் சொற்பம். நபி (ஸல்) அவர்களின் முன்னிலைக்கு வழக்காக வந்த நீரும் பெரும்பாலும் வயல் நீராகவும் தோட்ட நீராகவுமே இருந்தது. அந்த வழக்குகளில் கிடைத்த தீர்ப்புக்கும், இன்று நெல்லும் கோதுமையும் விளையும் வட இந்தியச் சமவெளியின் நெருக்கடிக்கும் இடையே ஒரு நீண்ட வரலாறு ஓடுகிறது.

மதீனாவின் கிழக்கிலும் மேற்கிலும் ‘ஹர்ரா’ எனப்படும் கரிய எரிமலைப் பாறைவெளிகள் உண்டு. அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழை பெய்தால் பாறைவெளியில் விழும் நீர் திரண்டு ஓடைகளாக இறங்கும். அவற்றுள் மஹ்ஸூர், முதைனிப் என்ற இரண்டு ஓடைகளின் பெயர்கள் ஹதீஸ் நூல்களில் நிலைத்துவிட்டன. ஓடை நீர் முதலில் மேட்டுத் தோட்டத்தை அடையும். அதன் பிறகே பள்ளத்துத் தோட்டத்திற்கு இறங்கும். நம் வழக்கில் சொன்னால் ஒருவன் தலைமடைக்காரன், மற்றவன் கடைமடைக்காரன். தலைமடைக்காரன் வாய்க்காலை அடைத்து வைத்துக்கொண்டால் கடைமடைக்காரனின் பேரீச்ச மரங்கள் காய்ந்துபோகும். வெள்ளம் எப்போதாவது வரும் ஊரில் அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது.

இந்த ஓடைகளைப் பற்றிய தீர்ப்பை இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும், அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களிலும் காணலாம். மேட்டில் இருப்பவர் தம் நிலத்தில் நீர் கரண்டைக்கால் அளவை எட்டும் வரை நிறுத்திக்கொள்ளலாம். அதன் பிறகு கீழே உள்ளவருக்குத் திறந்துவிட வேண்டும் என்பதே அதன் சாரம். தலைமடைக்காரனுக்கு முன்னுரிமை உண்டு. இயற்கை அவனுக்குக் கொடுத்த இடத்தை ஷரீஅத் பறிக்கவில்லை. ஆனால் அந்த முன்னுரிமைக்கு ஓர் உயரம் வைத்தது. அதை அளக்கக் கருவியோ கணக்கரோ வேண்டியதில்லை. வயலில் இறங்கி நிற்கும் எவனும் தன் காலைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். இரு தரப்பும் ஒரே அளவைக் கண்ணால் காண முடிந்தால் சண்டைக்குப் பாதிக் காரணம் போய்விடுகிறது.

இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ஸுபைர் பின் அவ்வாம் (ரலி) அவர்களின் வழக்கு. ஹர்ராவிலிருந்து இறங்கும் வாய்க்கால் தொடர்பாக அவருக்கும் அன்ஸாரிகளில் ஒருவருக்கும் பிணக்கு ஏற்பட்டது. ஸுபைர் (ரலி) தலைமடைக்காரர். நபி (ஸல்) அவர்கள் முதலில், தேவைக்குப் பாய்ச்சிவிட்டு அண்டை வீட்டாருக்கு விட்டுவிடுமாறு இணக்கமான ஒரு வழியைச் சொன்னார்கள். அது ஸுபைரின் முழு உரிமைக்குக் குறைந்த அளவு, அன்ஸாரிக்கே சாதகமானது. ஆனால் அந்த மனிதரோ, ஸுபைர் தங்களின் அத்தை மகன் என்பதாலா இப்படித் தீர்ப்பு என்று கேட்டுவிட்டார். நபியவர்களின் முகம் நிறம் மாறியது. பிறகு ஸுபைரின் முழு உரிமையையே அறிவித்தார்கள்: வரப்பின் அடியை நீர் எட்டும் வரை நிறுத்தி, அதன் பின் திறந்துவிட வேண்டும். அன்ஸாரிகளும் மற்றவர்களும் அதை அளந்து பார்த்தபோது அது கரண்டைக்கால் அளவாக இருந்தது என்று இப்னு ஷிஹாப் அஸ்ஸுஹ்ரீ (ரஹ்) விளக்கியதையும் புகாரி பதிவு செய்கிறது.

இந்த நிகழ்ச்சியைப் பெரும்பாலும் தீர்ப்புக்குக் கட்டுப்படுதல் என்ற பாடத்திற்காகவே நாம் எடுத்துரைக்கிறோம். அந்நிஸா அத்தியாயத்தின் 65ஆம் வசனம் இதை ஒட்டி அருளப்பட்டதாகத் தாம் கருதுவதாக ஸுபைர் (ரலி) கூறியதே அதற்குக் காரணம். நீர் மேலாண்மை என்ற கோணத்தில் பார்த்தால் வேறொன்றும் புலப்படும். இங்கே இரண்டு அளவுகள் சொல்லப்பட்டன. ஒன்று பெருந்தன்மையின் அளவு, மற்றொன்று உரிமையின் அளவு. கோபம் வெளிப்பட்ட அந்தத் தருணத்தில் அறிவிக்கப்பட்ட முழு உரிமைக்கும்கூட ஓர் எல்லை இருந்தது. எல்லையே இல்லாத நீருரிமை என்று ஒன்று அங்கே பேசப்படவே இல்லை.

பிற்கால அறிஞர்கள் இந்தக் கரண்டைக்கால் அளவை இறுகிய ஓர் எண்ணாக எடுத்துக்கொள்ளவில்லை. பலாதுரி (ரஹ்) பதிவு செய்துள்ள ஓர் அறிவிப்பில், பேரீச்சந்தோப்பு உடையவருக்குக் கரண்டைக்கால் அளவு என்றும், தானியப் பயிர் செய்பவருக்குச் செருப்பு வார் அளவு என்றும் பிரித்துச் சொல்லப்படுகிறது. ஆழ வேரூன்றும் மரத்திற்கு ஓர் அளவு, மேலாக வேர்விடும் பயிருக்கு அதைவிடக் குறைந்த ஓர் அளவு. ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த ஷாஃபிஈ அறிஞர் மாவர்தீ (ரஹ்) தமது ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ நூலில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். அந்த அளவு எல்லாக் காலத்திற்கும் எல்லா ஊருக்கும் உரியதன்று, அது தேவையைப் பொறுத்தது என்பது அவர் கருத்து. மண்ணின் தன்மை, பயிரின் வகை, கோடையா குளிர்காலமா என்பது, விதைப்புக்கு முன்பா பின்பா என்பது, நீர் தொடர்ந்து வருமா இடையில் நின்றுவிடுமா என்பது என அந்தத் தேவை மாறும் காரணங்களை அவர் அடுக்குகிறார். இன்றைய வேளாண் கல்லூரியில் பாசனப் பாடம் இந்தக் காரணங்களிலிருந்துதான் தொடங்கும். ‘ஷிர்ப்’, அதாவது பாசனப் பங்கு பற்றிய பகுதி ஃபிக்ஹ் நூல்களில் தரிசு நிலத்தை உயிர்ப்பித்தல் பற்றிய பாடத்தை அடுத்து வரும். நம் மதரஸாக்களில் மாணவர்கள் அதை வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம். ஊரில் இனி யார் ஓடையைப் பங்கு வைக்கப் போகிறார்கள் என்ற எண்ணமே காரணம்.

ஓடை நீரைக் கண்ணால் காணலாம். கிணற்று நீரை என்ன செய்வது? அதற்கும் அவர்கள் ஓர் எல்லை வைத்தார்கள். ‘ஹரீம்’ என்பது கிணற்றைச் சுற்றி விடப்படும் பாதுகாப்பு வட்டம். பொதுத் தரிசில் ஒருவர் கிணறு வெட்டினால் அந்த வட்டத்திற்குள் வேறொருவர் வெட்டக் கூடாது. ஹனஃபீ மத்ஹபில், ஒட்டகங்களுக்கு நீர் காட்டும் கிணற்றுக்கு 40 முழமும், ஒட்டகத்தைப் பூட்டி நீர் இறைத்து வயலுக்குப் பாய்ச்சும் கிணற்றுக்கு 60 முழமும் என்பது இமாம்கள் அபூ யூசுஃப், முஹம்மத் (ரஹ்) ஆகியோரின் கருத்து. அதிகமாக இறைக்கும் கிணற்றுக்கு அதிக இடைவெளி. ஒரு கிணறு மற்றொன்றின் நீரை இழுக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். சொந்த நிலத்தில் வெட்டும் கிணறு குறித்துக் கருத்து வேறுபாடுகள் உண்டு. பாத்திரத்திலோ தொட்டியிலோ சேகரிக்கும் வரை கிணற்று நீர் எவருக்கும் தனிச் சொத்தாகாது என்பது ஹனஃபீ நிலைப்பாடு. தன் நிலத்தில் வெட்டிய கிணற்றின் நீர் அவருக்கே உரியது, ஆயினும் மிஞ்சிய நீரைக் கால்நடைகளுக்குத் தடுக்கக் கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. நம் ஊர்களில் இரு மத்ஹபினரும் இருப்பதால் இரண்டையும் சொல்கிறேன்.

விளைச்சலின் ஜகாத்திலும் நீரின் கணக்கு இருக்கிறது. மழையும் ஓடையும் தாமாக நனைத்த பயிருக்குப் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சிய பயிருக்கு இருபதில் ஒன்று. நீர் இறைப்பதில் உழைப்பும் செலவும் உண்டு என்பதால் கடமை பாதியாகிறது. அந்தக் காலத்தில் இறைப்பவனைத் தடுத்து நிறுத்தும் காவலாகவும் அந்த உழைப்பே இருந்தது. ஒட்டகம் களைத்தால் பாசனம் நின்றுவிடும். இந்த ஒரு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பஞ்சாபுக்கு வரும்போது இது தேவைப்படும்.

இனி வட இந்தியா. தில்லிக்கு மேற்கே, இன்றைய ஹரியானாவில் உள்ள ஹிஸார் பகுதி பதினான்காம் நூற்றாண்டில் நீரின்றித் தவித்த நிலம். ஷம்ஸ் ஸிராஜ் அஃபீஃப் எழுதிய ‘தாரீகே ஃபீரோஸ்ஷாஹீ’ அதன் நிலையை விவரிக்கிறது. ஈராக்கிலிருந்தும் குராஸானிலிருந்தும் வரும் பயணிகள் கோடையில் ஒரு குடம் நீருக்கு நான்கு ஜீத்தல் காசு கொடுக்க வேண்டியிருந்ததாம். மழைக்காலப் பயிர் மட்டுமே அங்கு எடுக்க முடிந்தது. நீரில்லாமல் கோதுமை வராது என்பதால் வசந்தகால அறுவடை இல்லை. 1351 முதல் 1388 வரை ஆண்ட ஃபீரோஸ் ஷா துக்ளக் அங்கே ஒரு நகரை எழுப்பினார். யமுனையிலிருந்தும் சட்லஜிலிருந்தும் கால்வாய்கள் வெட்டி நீரைக் கொண்டுவந்தார். அதன் பின் அதே நிலத்தில் இரண்டு போகமும் விளைந்தன.

அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. கால்வாய் நீரால் பயன்பெறும் உழவர்களிடம் வரி வாங்குவது ஷரீஅத்தில் ஆகுமா என்ற கேள்வி எழுந்தது. சுல்தான் உலமாக்களையும் காஜிகளையும் கூட்டினார். பெரும் பொருளும் உழைப்பும் செலவிட்டு நீரைக் கொண்டுவந்தவருக்கு அதில் ஏதேனும் உரிமை உண்டா என்று கேட்டார். ‘ஹக்கே ஷிர்ப்’, அதாவது பாசன உரிமையின் பேரில் பத்தில் ஒரு பங்கு பெறலாம் என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள். நிலவரி வேறு, நீருக்கான கட்டணம் வேறு என்ற பாகுபாடு இவ்வாறு எழுத்தில் ஏறியது. மழைக்காலத்தில் கால்வாய்க் கரைகளைப் பார்வையிட்டு, வெள்ளம் எதுவரை பரவியது என்று அறிவிக்க அதிகாரிகள் அனுப்பப்பட்டார்கள். அஃபீஃபின் தந்தையும் அப்பணியைச் செய்தவர். இதைப் படித்துவிட்டு ஃபீரோஸ் ஷாவை அவ்லியாக்களின் வரிசையில் வைத்துவிட வேண்டாம். அந்த வருவாய் சுல்தானின் சொந்தக் கருவூலத்திற்கே சென்றது. அவருடைய ஆட்சியில் கண்டிக்கத்தக்க செயல்களும் உண்டு. நீருக்கு விலை வைப்பதற்கு முன் சட்டம் அறிந்தவர்களிடம் கேட்டார் என்பது மட்டும் வரலாற்றில் நிற்கிறது.

அவருக்குப் பின் கால்வாய்கள் தூர்ந்தன. அக்பர் காலத்தில் ஒருமுறையும் ஷாஜஹான் காலத்தில் மறுமுறையும் உயிர்பெற்றன. மீண்டும் தூர்ந்துபோன கால்வாயை 1817 முதல் ஆங்கிலேயர் செப்பனிட்டார்கள். இன்று மேற்கு யமுனைக் கால்வாய் என்று வழங்கப்படுவது அதுதான். நீர் நிறைய வந்ததும் வேறொரு சோதனை வந்தது. வடிகால் இல்லாத இடங்களில் நீர் தேங்கியது, நிலத்தின் மேல் வெள்ளை உப்பு பூத்தது, காய்ச்சல் பரவியது. கர்னால் நகரில் இருந்த பெரிய படைமுகாம் 1841இல் மலேரியாவின் காரணமாகக் கைவிடப்பட்டது. கால்வாய்க்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை ஆராய அமைக்கப்பட்ட குழு 1847இல் அறிக்கை தந்தது. அளவுக்கு மீறிய பாசனம் பயிருக்கு மட்டுமன்றி ஊருக்கும் கேடு என்பதை அந்த மண் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பஞ்சாபின் கால்வாய்களில் ‘வாராபந்தி’ என்ற முறை வேரூன்றியது. வாரா என்றால் முறை, பந்தி என்றால் கட்டுப்பாடு. ஒரு கிளை வாய்க்காலில் உள்ள உழவர்களுக்கு வாரத்தின் 168 மணி நேரமும் நிலத்தின் பரப்புக்கேற்பப் பிரித்துக் கொடுக்கப்படும். பத்து ஏக்கர்காரனுக்கு ஐந்து ஏக்கர்காரனைப்போல இரு மடங்கு நேரம். இரவு இரண்டு மணிக்கு முறை வந்தால் இரவு இரண்டு மணிக்குத்தான் மடை திறக்க வேண்டும். மதீனாவில் உயரத்தால் அளந்ததை இங்கே கடிகாரத்தால் அளந்தார்கள். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இன்றும் இம்முறை நடைமுறையில் உள்ளது. இதில் ஊழலும் திருட்டும் இல்லாமல் இல்லை. ஆனால் முறை தவறி எடுத்தால் அது திருட்டு என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்த ஒழுங்கைக் குலைத்தது நிலத்தடி நீர். ஒரு மனிதன் தன் நிலத்திற்கு அடியில் உள்ள நீரைத் தன் எல்லைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற கொள்கை ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து வந்தது. 1882ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டம் அதை எழுத்தில் வைத்தது. அந்தச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் மதராஸ் மாகாணமும் ஒன்று. ‘என் நிலத்து போர், என் தண்ணீர்’ என்று நம் உறவினர்கள் சொல்லும்போது, அது நம் மார்க்கம் கொடுத்த உரிமை என்றே பலர் எண்ணுகிறார்கள். கிணற்று நீரைச் சொந்தமாகக் கருதிய ஷாஃபிஈ அறிஞர்கள்கூட அந்த உரிமையோடு ஒரு கடமையைச் சேர்த்தே வைத்தார்கள். கடமையில்லாத வெறும் உரிமை 1882இன் வார்ப்பு.

அந்தக் கொள்கை கிணறும் ஏற்றமும் இருந்த காலத்தில் பெரிய தீங்கு செய்யவில்லை. 1960களில் நிலைமை மாறியது. நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களுக்காகக் காத்திருந்த காலம் அது. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை இரகக் கோதுமை விதை வந்தது. அதையடுத்துக் குட்டை இரக நெல் பரவியது. உரமும் நீரும் நிறையக் கேட்கும் பயிர்கள் அவை. அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவித்து, விளைந்ததைக் கொள்முதல் செய்தது. பஞ்சாப் மக்களின் அன்றாட உணவு ரொட்டி. சோறு அவர்களுக்கு எப்போதாவதுதான். ஆயினும் அங்கே 1960-61இல் 2.27 லட்சம் ஹெக்டேராக இருந்த நெல் பரப்பு 2000-01இல் 26 லட்சம் ஹெக்டேராக உயர்ந்தது. அந்த அரிசி நாடெங்கும் ரேஷன் கடைகளுக்குச் சென்றது. நம் பசியைத் தீர்த்த உழவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். அவன் அரசு காட்டிய பாதையில் நடந்தான்.

கால்வாய் நீர் நெல்லுக்குப் போதவில்லை. 1970-71இல் பஞ்சாபில் 1.92 லட்சம் குழாய்க் கிணறுகள் இருந்தன. இன்று 14 லட்சத்திற்கும் குறையாது. 1997இல் வேளாண் மின்சாரம் இலவசமாயிற்று. ஒட்டகம் களைக்கும் காலம் போய், களைக்காத மோட்டார் வந்தது. இறைப்பதற்கு ஒரு பைசாச் செலவில்லை. மின்சாரம் எந்த நேரத்தில் வரும் என்று தெரியாததால், சுவிட்சை நிரந்தரமாகப் போட்டு வைக்கும் பழக்கமும் வந்தது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, பஞ்சாபில் ஓராண்டில் பாதுகாப்பாக எடுக்கத்தக்க நீர் 100 என்றால் எடுக்கப்படுவது 164. மோட்டாரின் ஆழம் கூடக்கூட, ஆழமாகத் தோண்டப் பணமில்லாத சிறு உழவனின் கிணறு முதலில் வற்றியது. கடைமடைக்காரன் காணாமல் போய்விடவில்லை. பக்கத்து வயலில் ஆழம் குறைந்த போரோடு நின்றான். இன்னும் பிறக்காத பேரப்பிள்ளையாகவும் இருந்தான். திறந்துவிடச் சொல்லி அவனால் கதவைத் தட்ட முடியவில்லை, அவ்வளவே.

நெல் நீரில் வாழ்ந்தே ஆக வேண்டிய தாவரமன்று. நீர் தேங்கினால் தாங்கிக்கொள்ளும் தாவரம். வயலில் நீரை நிறுத்துவதன் பெரும்பயன் களை முளைக்காமல் தடுப்பதே. அந்த நீரில் ஒரு பகுதி இலை வழியாகவும் வயலின் பரப்பிலிருந்தும் ஆவியாகிறது. மற்றொரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மண்ணுக்குள் இறங்கும் நீர் முழுவதும் வீணன்று. நிலத்தடியில் நல்ல நீர் உள்ள இடங்களில் அது மீண்டும் சேர்ந்து வேறொரு கிணற்றில் ஏறும். அதை மறுபடி இறைக்கும் செலவுதான் நட்டம். ஆவியாகிப் போனதோ அந்த ஊருக்குத் திரும்பாது. வயலில் மிச்சப்படுத்தியதாகச் சொல்லப்படும் நீரெல்லாம் ஊருக்கு மிச்சமாகிவிடுவதில்லை. பாசனச் சிக்கனத்தைப் பற்றிய பல விளம்பரங்கள் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன.

பஞ்சாப் அரசு 2009இல் இயற்றிய நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் சரியாக இந்த இடத்தில் கை வைத்தது. ஏப்ரல், மே மாதங்களின் கடும் வெயிலில் நீரை நிறுத்தி முன்கூட்டியே நடும் பழக்கத்தை அது தடை செய்தது. மே 10க்கு முன் நாற்றங்கால் விடக் கூடாது, ஜூன் 10க்கு முன் நடவு கூடாது. மீறினால் ஹெக்டேருக்கு மாதம் 10,000 ரூபாய் அபராதம். நட்ட பயிரும் உழவரின் செலவிலேயே அழிக்கப்படும். நடவு பருவமழையை ஒட்டித் தள்ளிப்போனால் ஆவியாகும் நீர் குறையும், மழையும் பங்கு கொடுக்கும் என்பது கணக்கு. ஹரியானாவும் அதே ஆண்டு இதுபோன்ற சட்டம் கொண்டுவந்தது. நடவுத் தேதி பின்னர் 2014இல் ஜூன் 15க்கும், 2018இல் ஜூன் 20க்கும் தள்ளப்பட்டு, 2019இல் ஜூன் 13க்குத் திரும்பியது. மாவர்தீ (ரஹ்) பட்டியலிட்ட காரணங்களுள் பருவமும் ஒன்று என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு மடையை அடைத்தால் நீர் வேறு மடையைத் தேடும் என்பதுபோல, சட்டத்திற்குப் பக்க விளைவும் வந்தது. நடவு தள்ளியதால் அறுவடை தள்ளியது. நெல் அறுத்து, கோதுமை விதைப்பதற்கு இருக்கும் இடைவெளி இரண்டு மூன்று வாரங்களாகச் சுருங்கியது. இயந்திரம் அறுத்துவிட்டுப் போன தாளை அகற்ற நேரமும் இல்லை, கூலியும் இல்லை. தீ வைப்பதே எளிது. அந்தப் புகை அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் தில்லியின் மேல் கவிகிறது. நிலத்தின் அடியில் இருப்பதைக் காக்கப் போட்ட சட்டம் காற்றில் விலை கேட்டது. நீண்ட நாள் இரகங்களுக்குப் பதிலாக விரைவில் முற்றும் நெல் இரகங்களைப் பரப்புவதும், தாளை எரிக்காமல் அதனிடையிலேயே கோதுமையை விதைக்கும் இயந்திரங்களும் இந்த முடிச்சை அவிழ்க்கவே வந்தன. உழாமல் விதைக்கும் அம்முறையில் விதைப்புக்கு முந்தைய பாய்ச்சல் ஒன்றும் மிச்சமாகிறது.

கோதுமையின் கதை நெல்லைப்போல அவ்வளவு கடினமன்று. குளிர்காலப் பயிராதலால் நான்கு முதல் ஆறு பாய்ச்சல் போதும். அவற்றுள் உயிர்நாடியானது விதைத்து ஏறத்தாழ 21ஆம் நாளில், மேல்வேர் விடும் பருவத்தில் கொடுப்பது. அதைத் தவறவிட்டால் பின்னர் எவ்வளவு பாய்ச்சினாலும் ஈடாகாது. நீர் குறைவாக உள்ளவன் அந்த ஒரு பாய்ச்சலைக் காத்துக்கொண்டால் பெரும்பகுதி விளைச்சலைக் காத்துவிடலாம். லேசர் கருவி பொருத்திய இயந்திரத்தால் வயலைச் சமன் செய்வதும் இரு பயிருக்கும் உதவுகிறது. மேடு பள்ளமான வயலில், மேடு நனைவதற்காகப் பள்ளத்தில் முழங்கால் அளவு நீரை நிறுத்த வேண்டியிருக்கும். சமமான வயலில் அது தேவைப்படாது.

நெல்லுக்கு இன்று சொல்லப்படும் முறை நம் உழவர்களின் நாவில் பழகிய ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அதற்கு ஓர் எளிய அளவுகோலைக் கொடுத்தது. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அந்தப் பாதியை வயலில் புதைத்து, உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிட வேண்டும். நீர் மண்ணுக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது குழாய்க்குள் தெரியும். 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை பாய்ச்ச வேண்டியதில்லை. அதன் பின் 5 சென்டிமீட்டர் நிற்கும் அளவு பாய்ச்சினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரங்களிலும் பூக்கும் பருவத்திலும் மட்டும் வயல் காயக் கூடாது. பாய்ச்சும் நீரில் கால் பங்கு வரை குறைந்தும் விளைச்சல் குறைவதில்லை. வயலிலிருந்து எழும் மீத்தேன் வாயுவும் பெருமளவு குறைகிறது. வேர் காண்பது நிலத்தடி ஈரத்தை. கண் காண்பது மேலே நிற்கும் நீரை. இந்தக் குழாய் கண்ணுக்கும் வேர் காண்பதைக் காட்டுகிறது.

பங்களாதேஷில் கோடை நெல்லான ‘போரோ’ நிலத்தடி நீரை நம்பி விளைவது. அங்கே இந்தக் குழாயைப் பரப்பியபோது, பிளாஸ்டிக்கிற்குப் பதிலாக மூங்கிலில் செய்தும் உழவர்கள் புதைத்தார்கள். ஆனால் ஓர் அனுபவம் கவனிக்கத்தக்கது. மோட்டார்க்காரருக்குப் பருவம் முழுவதற்கும் ஒரே தொகையோ விளைச்சலில் ஒரு பங்கோ கொடுக்கும் இடங்களில், குறைவாகப் பாய்ச்சிய உழவனுக்குக் கையில் எதுவும் மிஞ்சவில்லை. குழாயைப் பார்க்க அவனுக்குக் காரணமும் இல்லை. நாட்டின் வடமேற்கில் உள்ள பரிந்த் மேட்டு நிலத்திலோ, ஆழ்குழாய்க் கிணறுகள் முன்பணம் செலுத்திய அட்டையைச் செருகினால்தான் ஓடும். ஓடிய நேரத்திற்கு மட்டும் பணம் கழியும். ஒரு மணி நேரம் குறைந்தால் அந்தக் காசு உழவனிடமே தங்கும். பஞ்சாப் அரசும் 2018இல், இலவச மின்சாரத்தை நிறுத்தாமலேயே, ஒதுக்கிய அளவுக்குக் குறைவாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நான்கு ரூபாய் உழவரின் கணக்கில் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. ‘தண்ணீரைச் சேமி, பணம் ஈட்டு’ என்பது அதன் பெயரின் பொருள்.

மஹ்ஸூர் ஓடையின் தலைமடைக்காரர் மடையைத் திறந்ததற்கு எவரும் கூலி கொடுக்கவில்லை. திறப்பது அவர் மீதிருந்த கடமை. இன்று அதே செயலுக்கு யூனிட் கணக்கில் விலை பேசுகிறோம். இதை ஃபிக்ஹின் எந்தத் தலைப்பில் வைப்பது, கடமையைச் செய்ததற்கான வெகுமதி என்றா, உரிமையை விட்டுக்கொடுத்ததற்கான ஈடு என்றா? நிலத்தடி நீர் நில உரிமையாளரின் சொத்தா, கடைமடைக்காரனுக்கும் அதில் பங்கு உண்டா என்பதைத் தீர்க்காமல் அதற்குப் பதில் சொல்ல இயலாது. கால்வாய் வரியைக் கேட்க ஃபீரோஸ் ஷா உலமாக்களைக் கூட்டினார். ஆழ்குழாய்க் கிணற்றைப் பற்றி நம் உலமா சபைகளிடமும் ஃபிக்ஹ் ஆய்வு மன்றங்களிடமும் கேட்க வேண்டியவர்கள், ஊரில் நிலமும் மோட்டாரும் வைத்திருக்கும் நாம்தான்.